3200 என்று ஒட்டி விற்ற பழைய ரேம்: சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

அக்கா மகள் ஆர்க்கிடெக்சர் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அவளுக்கு வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணித் தருகிறேன் என்று நான்தான் சொன்னேன். கிராபிக்ஸ் கார்டுக்குப் பணம் போதாது. அதனால் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் ரைசன் 5 5600ஜி பிராசசரும், ரேம் செருக நான்கு ஸ்லாட் உள்ள பி450 மதர்போர்டும் வாங்கினோம். அதெல்லாம் முறையான பில்லோடு வந்தது, ஒரு குறையும் இல்லை. ரேமில்தான் ஏமாந்தேன்.

2025 கடைசியில் ரேம் விலை ஏறிய வேகம் எல்லோருக்கும் தெரியும். ஏஐ டேட்டா சென்டர்களுக்கு விற்றால்தான் லாபம் என்று மெமரி கம்பெனிகள் அந்தப் பக்கம் போய்விட்டன. மைக்ரான் தன்னுடைய குருஷியல் ரேம் வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. இப்படிப்பட்ட நேரத்தில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் 8 ஜிபி டிடிஆர்4 வகை ரேம் இரண்டு, 3200 வேகம், மற்ற கடைகளைவிட இரண்டுக்கும் சேர்த்து 1,800 ரூபாய் குறைவு என்றார்கள். பத்து வருடமாக அந்தத் தெருவில் சாமான் வாங்குகிறேன். நேர்மையான கடைகள் அங்கே நிறைய உண்டு. அந்த நம்பிக்கையில்தான் உள்ளே போனேன்.

கடைக்காரர் தன் டெஸ்ட் போர்டில் இரண்டையும் செருகி ஆன் செய்தார். "பாருங்க சார், 16 காட்டுது." காட்டியது. அதற்குக் கீழ் வரியில் வேகம் என்னவென்று நானும் பார்க்கவில்லை, அவரும் காட்டவில்லை. ஜிஎஸ்டி பில் கேட்டேன். "பில் போட்டா 18 பர்சென்ட் சேரும் சார், எதுக்கு?" என்று சொல்லி, 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டது பெரிய தவறு.

வீட்டில் முதலில் பயாஸில், அதாவது போர்டின் செட்டிங்ஸ் திரையில், 2133 என்றுதான் வந்தது. அதில் தவறில்லை. இந்த வகை ரேம் முதலில் அடிப்படை வேகத்தில்தான் எழும்; பயாஸில் எக்ஸ்எம்பி என்ற வேக செட்டிங்கை ஆன் செய்தால்தான் 3200க்குப் போகும். சில போர்டுகளில் இதற்கு டிஓசிபி என்று பெயர். ஆன் செய்து சேவ் பண்ணினேன். ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. மூன்று முறை தானாக அணைந்து எழுந்து, மறுபடி 2133.

என் பக்கம்தான் ஏதோ கோளாறு என்று இரண்டு நாள் போராடினேன். பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட வேண்டும், அப்படித்தான் போட்டிருந்தேன். பயாஸ் அப்டேட் செய்தேன். போர்டு பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். வேகத்தைக் குறைத்துப் பார்த்ததில் கடைசியில் 2666ல் எழுந்து நின்றது. சரி, இது போதும் என்று அவளிடம் கொடுத்துவிட்டேன்.

நான்காம் நாள் ராத்திரி போன். நீலத் திரை வந்து நின்றுவிட்டது, மூன்று நாளாக வரைந்த பிளான் ஃபைல் திறக்கவில்லை, காலையில் சப்மிஷன். "மாமா, நான் ஏதாவது தப்பாப் பண்ணிட்டேனா?" என்று கேட்டாள். பணம் போனதைவிட எனக்கு அந்தக் கேள்விதான் பொறுக்கவில்லை.

மறுநாள் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 சாப்ட்வேரைப் பென்டிரைவில் போட்டு ஓட்டினேன். இலவசமாகவே கிடைக்கும், விண்டோஸ் தேவையில்லை. இருபதே நிமிடத்தில் பிழை என்று சிவப்பு வரிகள் கொட்ட ஆரம்பித்தன. ஒவ்வொன்றாகத் தனியே போட்டுப் பார்த்தேன். 2666ல் இரண்டுமே பிழை காட்டின. 2133ல் நான்கு சுற்றும் சுத்தமாக ஓடின. அதாவது இவை அந்த வேகத்துக்காகச் செய்த சிப்புகள்.

அப்புறம்தான் டார்ச் அடித்துப் பார்த்தேன். ரேமை மூடியிருக்கும் கறுப்புத் தகட்டின் ஓர இடுக்கில் பார்த்தால், ஒன்றில் ஒரு பக்கம் மட்டும் சிப். மற்றதில் இரண்டு பக்கமும் சிப். ஜோடி என்று விற்றவை ஜோடியே இல்லை. கீழே தங்கநிறக் காலில் பல முறை செருகிக் கழற்றிய கோடுகள். ஸ்டிக்கரில் இருந்த சீரியல் எண் இரண்டிலும் ஒன்றே. ஒரு தகடு நகத்தால் லேசாக நெம்பியதுமே கையோடு வந்துவிட்டது. உள்ளே சாம்சங் சிப். மேல் வரியில் 625 என்று இருந்தது: 2016ஆம் வருடம், 25ஆம் வாரம். கடைசி வரி 'பிசிபிபி' என்று முடிந்தது. சாம்சங் டிடிஆர்4 சிப்பில் அந்த முடிவு 2133ஐக் குறிக்கும். 'பிசிஆர்சி' என்றால் 2400, 'பிசிடிடி' 2666, 'பிசிடபிள்யூஇ' இருந்தால்தான் 3200. ஏதோ பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கியதைத் தகடு மாட்டி, தெரிந்த பிராண்டின் பெயரை ஒட்டி விற்றிருக்கிறார்கள்.

ரேம் விவரம் காட்டும் சிபியு-இசட் சாப்ட்வேரில் பார்த்தால் தெரிந்திருக்காதா என்று கேட்பீர்கள். அதிலும் 3200 என்றே காட்டியது. ஒவ்வொரு ரேமிலும் எஸ்பிடி என்று ஒரு குட்டிச் சிப் இருக்கும். தயாரித்தவர் பெயர், வேகம், வோல்ட் எல்லாம் அதில் எழுதியிருக்கும். போர்டும் சாப்ட்வேரும் அதைப் படித்துத்தான் சொல்கின்றன. அதை மாற்றி எழுத முடியும். வெளியே ஒட்டியதும் பொய், உள்ளே எழுதியதும் பொய். ஓட்டிப் பார்ப்பது ஒன்றுதான் வழி.

5600ஜி மாதிரி பிராசசரில் இது சின்ன விஷயமும் இல்லை. அதற்குத் தனி வீடியோ மெமரி கிடையாது, எல்லாவற்றுக்கும் ரேம்தான். 3200ல் ஒரு ஸ்டிக் நொடிக்கு 25.6 ஜிபி கடத்தும்; இரண்டு ஸ்டிக் இரண்டு சேனலில், அதாவது தனித்தனிப் பாதையில், ஓடினால் 51.2. 2133ல் இரண்டும் சேர்ந்தே 34தான். அதனால்தான் 16 ஜிபி ஒன்றாக வாங்காமல் 8 ஜிபி இரண்டு வாங்கச் சொல்கிறோம். அதில் போய் இப்படி.

கடையிலேயே அவர்கள் போர்டில் எக்ஸ்எம்பியை ஆன் செய்து, 3200ல் எழுகிறதா என்று கண்ணால் பாருங்கள். பத்து நிமிடமாவது மெம்டெஸ்ட் ஓட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். விண்டோஸில் சிபியு-இசட் இப்போது ஓடும் வேகத்தை 1600 என்று காட்டினால் பயப்பட வேண்டாம், அது பாதி எண்தான். இரண்டால் பெருக்கினால் 3200. தகடு இல்லாத சாதாரண பச்சை ரேம் கிடைத்தால் இன்னும் நல்லது, சிப்பில் இருப்பதை நேரில் படிக்கலாம். பில்லில் ஜிஎஸ்டி எண், தமிழ்நாட்டுக் கடை என்றால் 33ல் தொடங்குவது, இருக்க வேண்டும். ரேமின் சீரியல் எண்ணையும் அதிலேயே எழுதி வாங்குங்கள்.

திரும்பப் போனபோது முதலில் "உங்க போர்டுதான் சார் பிரச்சினை" என்றார். அவர் போர்டிலேயே போட்டுக் காட்டச் சொன்னேன். அதிலும் கறுப்புத் திரை. உடனே "தகட்டைப் பிரிச்சுட்டீங்க, வாரண்டி போச்சு" என்றார். நுகர்வோர் உதவி எண் 1915க்கு அங்கேயே நின்று போன் செய்யப் போகிறேன் என்றதும் குரல் இறங்கியது. எஸ்டிமேட் சீட்டைத் தவிர என்னிடம் ஒன்றும் இல்லை என்பது அவருக்கும் தெரியும். கொடுத்ததில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டு கடை தள்ளி, பில்லோடு வேறு ரேம் வாங்கினேன். முதல் தடவையிலேயே 3200ல் எழுந்தது. ராத்திரி முழுக்க ஓட்டினேன், ஒரு பிழை இல்லை. அவள் பிளானை மறுபடி முதலிலிருந்து வரைந்தாள்.

ஆனால் நான் பணத்தை எண்ணிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கடைக்காரர் கழன்ற தகட்டைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டி, இரண்டையும் அதே டப்பாவில் போட்டு, கண்ணாடி அலமாரியில் திரும்ப வைத்தார். கறுப்புத் தகடு, ஓரத்தில் சிவப்புக் கோடு. சீரியல் எண் 0417 என்று முடியும், இரண்டிலும்.