ஏம்ஸா, ஹான்சனா: வகுப்பறைக்கு எந்த வழக்கு?

யாழ்ப்பாணத்தில் உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் பயிலும் மாணவருக்கு உளவுத் துரோகத்தை விளக்க ஒரேயொரு வழக்கைத்தான் எடுக்கலாம் என்றால், அமெரிக்க வெளிநாட்டு உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வின் அதிகாரி ஓல்ட்ரிச் ஏம்ஸையும் அந்நாட்டு உள்நாட்டுப் புலனாய்வு நிறுவனமான எப்.பி.ஐ.யின் முகவர் ரொபேர்ட் ஹான்சனையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

ஏம்ஸின் கதை சொல்ல எளிது. கடன் நெருக்கடியில் 1985இல் சோவியத் தரப்பை நாடி இரகசியங்களை விற்ற அவர், 540,000 டொலர் வீட்டை முழுக் காசு கொடுத்து வாங்கி, ஜாகுவார் காரில் வேலைக்குச் சென்றும் 1994 வரை கைதாகவில்லை. (எங்கள் ஒழுங்கைகளில் என்றால் அயலவர் அடுத்த நாளே கணக்குப் பார்த்திருப்பர்.)

ஹான்சனோ 1979இல் தொடங்கி, இடையிடையே நிறுத்தி, 2001 வரை மொஸ்கோவுக்கு இரகசியங்களை விற்றவர். காசும் வைரமும் பெற்றும் ஆடம்பரம் காட்டாது, பொதிகளை மறைவிடங்களில் வைத்து, தன் பெயரை ரஷ்யர்களுக்கே சொல்லாமல் இயங்கினார். சோவியத் உளவு அமைப்பான கேஜிபியின் கோப்போடு கிடைத்த குரற்பதிவே அவரை அடையாளங்காட்டியது. அமெரிக்காவுக்கு உளவு பார்த்து 1988இல் மரணதண்டனை பெற்ற சோவியத் ஜெனரல் திமித்ரி பொல்யாகோவை இருவருமே காட்டிக்கொடுத்திருந்தனர்.

பேராசையை மட்டும் காட்ட ஏம்ஸ் போதும். ஆயினும் என் தெரிவு ஹான்சனே. ஏனெனில், தன் அலுவலகத்துக்குள்ளேயே இருந்த அவரை விட்டுவிட்டு, எப்.பி.ஐ. நெடுங்காலம் குற்றமற்ற ஒரு சி.ஐ.ஏ. அதிகாரியையே சந்தேகித்துக் கண்காணித்தது.