ஆறு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி: வாங்கலாமா?

டாப்சோனியன் என்றால் கையால் திருப்பும் எளிய தாங்கியில் வைத்த ஆடித் தொலைநோக்கி. இதில் 150 மி.மீ. அகல ஆடி (ஒளியைக் குவிக்கும் கண்ணாடி), 1200 மி.மீ. குவியத் தூரம். 25 மி.மீ. ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) 48 மடங்கு பெரிதாகும். சனியின் வளையம் தனியாகத் தெரியும். 10 மி.மீ. போட்டால் 120 மடங்கு, காற்று அமைதியாக இருந்தால் வளையத்தைப் பிரிக்கும் கறுப்புக் கோடான காசினி இடைவெளியும் பிடிபடும். மோட்டார் இல்லை, அதனால் கோள் ஒன்றரை நிமிடத்தில் நழுவிவிடும். கையால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பெட்டியில் ‘500 மடங்கு’ என்றிருந்தால் நம்பாதீர்கள், இந்த ஆடிக்கு 300தான் உச்சம்.

வெளியே எடுத்தவுடன் பார்த்தால் வியாழன் அலையடிக்கும். குழாய் வெளிவெப்பத்துக்கு வர அரை மணி நேரம் விடுங்கள். அதன்பிறகும் நட்சத்திரம் ஒரு பக்கமாக வால் முளைத்தாற்போல் இழுத்தால் ஆடி சாய்ந்திருக்கிறது. பின்புறத் திருகுகளைக் கொஞ்சங்கொஞ்சமாகத் திருப்பிச் சரிசெய்யுங்கள். ஆண்ட்ரோமெடா கேலக்ஸி சாம்பல் திட்டாகத்தான் தெரியும். புகைப்பட வண்ணம் வேண்டுமென்றால் இது உங்களுக்கில்லை.