தூண்டில் முள்ளுக்கு உதவாத முதலுதவிப் பெட்டி

ஒகேனக்கல்லிலும் கிருஷ்ணகிரி அணைப் பக்கத்திலும் தூண்டில் போடுகிறவர்களுக்கென்றே தயாரித்ததாகச் சொல்லி, கிருஷ்ணகிரியில் தூண்டில் சாமான் விற்கும் ஒரு கடையில் முதலுதவிப் பெட்டி விற்கிறார்கள். மூடியின் விளிம்பில் ரப்பர் வளையம் இருப்பதால், பரிசலின் அடியில் தேங்கிய தண்ணீரில் கிடந்தும் உள்ளேயிருந்த பஞ்சு நனையவில்லை. பெட்டியைப் பற்றிய என் பாராட்டு அநேகமாக இத்துடன் முடிகிறது.

பேண்டெய்டு, காஸ் துணி, பிளாஸ்டர், போவிடோன் அயோடின் களிம்பு, சிறு கத்தரிக்கோல் ஆகியவை உள்ளே இருக்கின்றன. பாறையில் சிராய்த்த முழங்காலுக்கு இவை போதும். தூண்டில் முள்ளின் முனைக்குச் சற்றுக் கீழே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் செதில் சதைக்குள் போய்விட்டாலோ, வந்த வழியே இழுக்க இழுக்க அது சதையைக் கிழிக்கும். அந்த நிலையில் மருத்துவர்கள் பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசி போட்டு, முனையை முன்னோக்கித் தள்ளி வெளியே கொண்டுவந்து, செதிலை வெட்டிவிட்டு மீதியைப் பின்னால் உருவுகிறார்கள். கரையில் நாம் செய்ய வேண்டியது முள்ளைக் கட்டியிருக்கும் தூண்டில் நரம்பை, அதாவது நைலான் இழையை, அறுத்துவிட்டு, மும்முனை முள்ளாக இருந்தால் தைக்காத முனைகளை வெட்டியெடுத்து, முள் அசையாதபடி கட்டுவதுதான். அதற்குக் கட்டிங் பிளேயர் வேண்டும். பெட்டியிலுள்ள கத்தரிக்கோலோ நைலான் நரம்பை அறுக்கவே திணறுகிறது.

கத்தரிக்கோலைக்கூட மன்னிக்கலாம், உடன் வைத்திருக்கும் துண்டுச் சீட்டை மன்னிக்க முடியாது. "முள்ளை வேகமாகப் பிடுங்கிக் களிம்பு தடவவும்" என்ற ஒரே வரிதான் அதில் இருக்கிறது. கண்ணிலோ இமையிலோ தைத்த முள்ளுக்கும் ஒருவர் அதையே செய்துவிட்டால் என்ன ஆகும்? கண்ணில் தைத்ததை இழுக்கவும் கூடாது, அதன்மேல் அழுத்திக் கட்டவும் கூடாது. முள்ளைத் தொடாதவாறு ஒரு காகிதக் கோப்பையைக் கவிழ்த்து ஒட்டிக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒகேனக்கல்லிலிருந்து தருமபுரி ஏறத்தாழ 46 கிலோமீட்டர், அதுவும் மலைப்பாதை என்பதால், போகும் வழியில் முள் அசையாமலிருப்பது மிக முக்கியம்.

சோப்புப் போட்டு நல்ல தண்ணீரில் காயத்தைக் கழுவ வேண்டும் என்பதும் சீட்டில் இல்லை. மண்புழுவும் மீன் சளியும் ஆற்று நீரும் பட்ட முள் தைத்த காயம் அழுக்குக் காயமாதலால், கடைசியாக டிடி எனப்படும் டெட்டனஸ் தடுப்பூசி போட்டு 5 ஆண்டுகள் கடந்திருந்தால் மீண்டும் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதும் இல்லை.

அதே கடையில் கட்டிங் பிளேயர் தனியாகத் தொங்குகிறது. பேண்டெய்டு அட்டைகளைக் குறைத்து அதை உள்ளே வைத்து, சீட்டையும் ஒரு மருத்துவரிடம் காட்டித் திருத்தி அச்சிட்டால், கூடுதல் விலைக்கும் வாங்கலாம். இப்போதைய நிலையில் வாங்குகிறவர்கள் அந்தச் சீட்டைக் கிழித்தெறிந்துவிட்டுப் பெட்டியை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.