ஆப்பிள் கட்டையா, செர்ரி கட்டையா?

சிங்கப்பூரில் கறிக்குப் புகையூட்டும் விறகு பெரும்பாலும் பையில் அடைத்த இறக்குமதிச் சரக்குதான். பையைப் பிரித்து இரண்டையும் ஒரே டப்பாவில் கொட்டிவிட்டால், அப்புறம் பட்டைதான் பேசும்.

செர்ரிப் பட்டையில் குறுக்குவாட்டில் சின்னச் சின்னக் கோடுகள் ஓடும்; உரித்தால் பக்கவாட்டில் நாடாவாக வரும். ஆப்பிள் பட்டை செதில் செதிலாக உதிரும். பட்டையே இல்லையா? கையில் எடுத்துப் பாருங்கள். ஒரே அளவுக் கட்டையில் ஆப்பிள் நன்றாகவே கனக்கும். செர்ரியின் வைரப்பகுதி (மரத்தின் கெட்டியான உள்பகுதி) செம்பழுப்பு, வெளிச்சம் பட்டால் இன்னும் கருக்கும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். பழைய ஆப்பிள் கட்டையும் சிவப்போடிப் போயிருக்கும்.

ஆப்பிள் புகை மென்மை, லேசான இனிப்பு. கோழிக்கும் மீனுக்கும் அதுவே போதும். செர்ரியின் பலம் நிறம்: கோழித்தோல் செம்மரம்போல் மினுங்கும். மசாலா தூக்கலான ஆட்டுத்தொடைக்கு என் ஓட்டு செர்ரிக்கு.

ஒன்றரைக் கிலோ கோழிக்கு கைமுஷ்டி அளவு கட்டை இரண்டு, அடுப்பு 120 முதல் 135 டிகிரி, தொடையின் உள்சூடு 74 டிகிரி. கட்டையை ஊறவைக்காதீர்கள், ஈரம் ஆவியாகும்வரை வெள்ளைப் புகைதான் கிளம்பும், கறி கசக்கும். காற்றுத் துவாரத்தை அடைத்தாலும் இதே கதி. நம்மூர் ஈரப்பதத்தில் திறந்து வைத்த பையில் பூஞ்சை பிடிக்கும், பூத்ததைத் தூக்கி எறியுங்கள். வீவக (வீட்டு வசதி வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி நடைபாதையில் புகையூட்ட வேண்டாம். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் அடுப்பை முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.