எட்டு வழிச்சாலையா, இருக்கிற சாலையா? முழு ஆயுளுக்கும் கணக்குப் போடுவோம்

சென்னை–சேலம் எட்டு வழிச்சாலைப் பேச்சு வந்தாலே ஒருவர் நேரம் மிச்சம் என்பார், இன்னொருவர் நிலம் போச்சு என்பார். இரண்டும் உண்மைதான். ஆனால் முதல் லோடு மண் கொட்டுவதிலிருந்து முப்பது வருஷம் வண்டி ஓடுகிற வரைக்கும் எந்தச் சாலை எவ்வளவு கல்லையும் தாரையும் டீசலையும் தின்னும் என்று கூட்டிப் பார்த்தால்தான் எது மலிவு என்று தெரியும்.

புதுச் சாலையின் பலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2018-இல் வந்த திட்டப்படி நீளம் 277 கி.மீ., இப்போது இருக்கிற உளுந்தூர்பேட்டை வழியைவிட ஏறத்தாழ 60 கி.மீ. குறைவு. லிட்டருக்கு 4 கி.மீ. ஓடும் லாரிக்கு ஒரு நடைக்கு 15 லிட்டர் டீசல் மிச்சம், அதாவது சுமார் 40 கிலோ கரியமில வாயு. தினமும் ஆயிரக்கணக்கில் வண்டி போனால் இது சின்ன விஷயமே இல்லை. சாலையின் ஆயுளில் பெரும் புகை கட்டும்போது வருவதில்லை, அதில் ஓடும் வண்டிகளிடமிருந்துதான் வருகிறது.

சரி, அப்புறம் ஏன் தயக்கம்? அந்த மிச்சம் அப்படியே நிற்காது. அகலமான சாலை போட்டால் ரயிலில் போனவரும் காரை எடுப்பார், புது வண்டிகள் சேரும். 100-இல் போகும் கார் 120-இல் போனால் காற்றின் எதிர்ப்பு மட்டும் 44 சதவீதம் கூடுகிறது, குறைந்த தூரத்தில் சேமித்த எரிபொருளில் ஒரு பங்கு இதிலேயே போய்விடும். கட்டுமானத்திலோ எல்லாமே பூஜ்யத்திலிருந்து ஆரம்பம்: கரை உயர்த்தக் கிராவல் மண், மலையை உடைத்து ஜல்லி, பாலங்களுக்குச் சிமென்ட். சிமென்ட் அரைப்பதற்கான கிளிங்கரை ஒரு டன் சுடவே கிட்டத்தட்ட முக்கால் முதல் ஒரு டன் வரை கரியமில வாயு வெளியேறும். இதோடு திருவண்ணாமலை, தர்மபுரி, சேலம் பக்கத்துக் கிணறுகளும் தென்னந்தோப்புகளும் காட்டுத் துண்டுகளும். இவற்றை எந்த டீசல் மிச்சத்தாலும் திருப்பித் தர முடியாது.

இருக்கிற சேலம்–உளுந்தூர்பேட்டைச் சாலைக்கு வருவோம். நாலு வழியாகப் போட்டார்கள், ஆனால் ஆத்தூர், கள்ளக்குறிச்சி மாதிரி ஊர்களின் பைபாஸ்களை இரண்டு வழியாகவே விட்டார்கள். நெரிசலும் விபத்தும் அங்கேதான். அந்தத் துண்டுகளை மட்டும் அகலப்படுத்தினால் அடித்தளம் பெரும்பாலும் தயார், பழைய தாரைச் சுரண்டி மறுபடி கலக்கலாம், புதிதாக எடுக்கும் நிலமும் ஒப்பிட்டால் கொஞ்சம்தான். ஒரு குறை உண்டு: தூரம் குறையாது, அந்த 60 கி.மீ. அப்படியே இருக்கும். ஆனாலும் வண்டி நின்று நின்று கிளம்புவது போய்விட்டால் எரிபொருள் கணிசமாக மிச்சமாகும். சரக்கில் ஒரு பங்கை ஜோலார்பேட்டை வழி மின்ரயிலுக்கு மாற்றினால் இந்தப் பக்கக் கணக்கு இன்னும் மலிவாகும்.

என் ஓட்டு அகலப்படுத்துவதற்குத்தான். இன்னொன்றும் கேட்கிறேன். 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிப்புகளை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அந்த அறிவிப்புக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை, வேலை தொடங்கும் முன் பெற்றால் போதும் என்றது. சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் வழித்தடம் வரைந்து, கல் நட்டு, பட்டா எண்ணெல்லாம் அச்சான பிறகு இந்தக் கணக்கை எடுத்தால், தார் போடலாமா சிமென்ட் போடலாமா என்பதைத் தவிர மாற்ற என்ன மிஞ்சும்? வரைபடத்தில் இரண்டு மூன்று மாற்று வழிகள் வெறும் கோடுகளாக இருக்கும்போதே ஒவ்வொன்றுக்கும் முப்பது வருஷக் கணக்குப் போட்டு, அந்தத் தாளை அந்தந்த ஊர் கிராம சபையில் படித்துக் காட்டட்டும்.