'பிரசுரமான பிறகு பணம்' என்று மெயில் வந்தால்

பெங்களூரில் பயணம், சாப்பாடு, கச்சேரி, கண்காட்சி என்று ஃப்ரீலான்ஸாக எழுதுகிறவர்களுக்காக இந்தப் பதிவு. தமிழ் தெரியும் என்பதற்காகவே கூப்பிடப்படுகிறவர்கள் கட்டாயம் படியுங்கள். ஒரு பயண இணையதளம் எனக்குத் தர வேண்டிய 78,000 ரூபாயில் 26,000 இன்னும் பாக்கி. வழக்கு முடியாததால் பெயரைச் சொல்லவில்லை. அவர்கள் வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறேன், அதை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

எடிட்டர் என்று பேசியவர் நல்ல மரியாதை தெரிந்தவர். "அல்சூர், சிவாஜிநகர் பக்கம் எங்கள் ஆட்கள் போனால் யாரும் வாய் திறப்பதில்லை. உங்களுக்குத் தமிழ் வரும், நீங்களே எழுதிக் கொடுங்கள்" என்றார். படங்களோடு ஒரு கட்டுரைக்கு 13,000 ரூபாய். ஆட்டோ, பஸ், சாப்பாட்டு பில் எல்லாம் நம் செலவு. ஒப்பந்தம் என்று எதுவும் வரவில்லை. மெயிலில் ஒரு வரி இருந்தது: கட்டுரை பிரசுரமான நாளிலிருந்து 45 நாளில் பணம், அதுவரை வேறு எவருக்கும் தரக் கூடாது.

மற்ற துறைக்காரர்களுக்கு இது சாதாரண வரியாகத் தெரியலாம். நாம் எழுதுவதெல்லாம் நாள் பார்த்து நடக்கும் சங்கதிகள். சாமராஜப்பேட்டையில் 1939 முதல் நடந்து வரும் ராமநவமிக் கச்சேரி, சித்திரைப் பௌர்ணமி இரவில் புறப்படும் கரகம், கார்த்திகைக் கடைசித் திங்கள் பசவனகுடியில் கூடும் கடலைக்காய்ப் பரிஷெ என்ற நிலக்கடலைச் சந்தை. இவற்றைப் பற்றி எழுதியது அந்த வாரத்தில் வராவிட்டால் அடுத்த வருடம்தான் வரும். பிரசுர தேதி அவர்கள் கையில். அதனால் பணம் வரும் தேதியும் அவர்கள் கையில்தான்.

கரகம் கட்டுரையில் நடந்தது இதுதான். திகளர்பேட்டை தர்மராயசுவாமி கோயில் வாசலில் நள்ளிரவு தாண்டியும் நின்றேன். மல்லிகைக் கரகத்தைத் தலையில் ஏந்திக்கொண்டு பூசாரி பெண் வேடத்தில் வருவார், சுற்றிலும் உருவிய வாளோடு வீரகுமாரர்கள் ஓடுவார்கள். ஊர்வலம் பழைய பேட்டைத் தெருக்களைச் சுற்றி, மஸ்தான் சாகிப் தர்காவில் நின்று, விடிந்த பிறகுதான் கோயிலுக்குத் திரும்பும். முழு ராத்திரி வேலை. சந்து முனையில் டீ போட்டுக் கொடுத்த பெரியம்மா சொன்ன கதைகளே தனிக் கட்டுரைக்கு வரும், அது கிடக்கட்டும். மறுநாள் மாலையே எழுதி அனுப்பினேன். "அருமை, அருமை" என்று பதில் வந்தது. பத்து நாள் கழித்து, "சீசன் முடிந்துவிட்டது, அடுத்த வருடம் பெரிதாகப் போடுவோம்" என்றார்கள். ராமநவமிக் கச்சேரிகள் பற்றிய கட்டுரைக்கும் அதே பதில். வேறிடத்தில் கொடுக்கிறேன் என்றால், "நீங்கள் ஒப்புக்கொண்டதுதானே" என்று அந்த மெயிலைத் திருப்பி அனுப்பினார்கள்.

இதற்கு நடுவிலேயே அடுத்த வேலை வரும். அதுதான் இவர்களின் சாமர்த்தியம். ஹம்பி வேண்டும், பரிஷெ வேண்டும், ஜனவரியில் அவரைக்காய் மேளா வேண்டும் என்பார்கள். இவை பிரசுரமும் ஆயின, பைலைனாக என் பெயரும் வந்தது. பணம் கேட்டால் எடிட்டர் அக்கவுண்ட்ஸைக் காட்டுவார். அக்கவுண்ட்ஸ், இன்வாய்ஸில் பான் எண் சரியான இடத்தில் இல்லை என்பார்கள். திருத்தி அனுப்பினால், எல்லாக் கட்டுரைகளையும் சேர்த்து மார்ச்சில் ஒரே இன்வாய்ஸாகப் போடச் சொல்வார்கள். ஒவ்வொரு பதிலிலும் பணம் நிச்சயம் உண்டு என்ற தொனி இருக்கும், தேதி மட்டும் இருக்காது.

உண்மையில் என்ன நடக்கிறது என்பது அல்சூரில் ஒரு மெஸ்ஸில் தெரிந்தது. அந்த மெஸ்ஸைப் பற்றியும் இவர்களுக்காக எழுதியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு பிரமாதம், வத்தக்குழம்பில் புளி தூக்கல், பரோட்டாவுக்காக வரிசையில் நிற்க வேண்டியதில்லை என்று சாப்பிட்டதைச் சாப்பிட்டபடி எழுதிய கட்டுரை. பிரசுரமானதில் புளியும் இல்லை, பரோட்டாவைப் பற்றிய வரியும் இல்லை. பதிலாக, கட்டாயம் போக வேண்டிய இடம் என்று நான் எழுதாத ஒரு பத்தி, என் பெயரிலேயே. எடிட்டிங் என்றால் அப்படித்தான் என்றார்கள். சில மாதம் கழித்துச் சாப்பிடப் போனபோது முதலாளி எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"என்னம்மா, அடுத்து எப்ப எழுதப் போறே? இந்த தடவை கொஞ்சம் குறைச்சுக்கச் சொல்லு."

"எதைண்ணா குறைக்கணும்?"

"ரேட்டைத்தான். போன தடவை உங்க ஆபீஸ் பையன் வந்து 25,000 வாங்கிட்டுப் போனானே. உனக்குத் தெரியாதா?"

தெரியாது. எனக்குத் தர வேண்டிய 13,000 நிலுவையில் இருக்க, அதே கட்டுரையை அந்த மெஸ்ஸுக்கு விளம்பரமாக விற்றிருக்கிறார்கள். பக்கத்தில் விளம்பரம் என்ற குறிப்புகூட இல்லை. பணம் போனதைவிட இதுதான் எனக்கு அதிகம் வலித்தது. நான் காசு வாங்கிக்கொண்டு எழுதியதாக அந்த மனிதர் இத்தனை நாளும் நினைத்திருக்கிறார். அன்று சாப்பாட்டுக்குப் பணம் வாங்க மாட்டேன் என்றார். கல்லாவில் வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த ஏப்ரலில் கரகம் கட்டுரை தளத்தில் வந்தது. நான் எழுதியதுதான், டீக்கடைப் பெரியம்மாவோடு சேர்த்து. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஆசிரியர் குழு'. கேட்டதற்கு, "நாங்கள் புதிதாக எழுதியது, உங்கள் குறிப்புகளைப் பயன்படுத்தினோம்" என்றார்கள். கச்சேரிக் கட்டுரையும் அதே கதி.

ஜூனில் வருமானவரிக் கணக்குக்காக 26ஏஎஸ் படிவத்தை எடுத்தேன். யார் நமக்குப் பணம் தந்ததாகக் காட்டி வரி பிடித்தார்கள் என்று அதில் தெரியும். அதில் இவர்கள் பெயர் இருந்தது. மார்ச் 31 தேதியிட்டு எனக்கு 78,000 ரூபாய் வரவு, தொழில்முறைக் கட்டணத்துக்கான 194ஜெ பிரிவில் 7,800 டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடித்த வரி. அதாவது நான் கொடுத்த எல்லாக் கட்டுரைகளுக்கும், கரகத்துக்கும் கச்சேரிக்கும் சேர்த்து, தங்கள் புத்தகத்தில் செலவெழுதி, பத்து சதவீத வரியையும் கட்டிவிட்டார்கள். என்னிடம் 'இன்னும் பிரசுரமாகவில்லை, பணம் பாக்கியே கிடையாது' என்று சொல்லிக்கொண்டிருந்த அதே மாதத்தில். கையில் ஒரு பைசா வராமல், அரசாங்கக் கணக்கில் நான் வரி கட்டியவளாக நிற்கிறேன்!

ஆனால் படிவத்தில் இருந்த அந்த ஒரு பதிவுதான் எனக்குப் பிடி கொடுத்தது. பணம் தராதவர் யாரானாலும் முதலில் உங்கள் 26ஏஎஸ்ஸைப் பாருங்கள். அதில் உங்கள் பெயருக்கு வரவு வைத்திருந்தால், கடன் இருக்கிறது என்று அவர்களே எழுதிக் கொடுத்த மாதிரி.

என்னிடம் ஏற்கெனவே உத்யம் என்ற சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு இருந்தது. எழுதுகிறவர்களும் சேவைத் தொழில் என்று அதை எடுக்கலாம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போதும், இலவசம். 'நாங்கள் செய்து தருகிறோம்' என்று ஆயிரம் இரண்டாயிரம் கேட்கும் தளங்கள் வேறு இருக்கின்றன, அந்தப் பக்கம் போகாதீர்கள். வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே பதிவு இருப்பது முக்கியம், பின்னால் எடுத்தால் பழைய பாக்கிக்கு உதவாது என்று வாதாடுவார்கள். 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டத்தின் 15ஆவது பிரிவுப்படி, குறு, சிறு தொழில் செய்கிறவருக்கு, செய்து கொடுத்த வேலையை எதிர்த்தரப்பு ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். ஒப்பந்தத்தில் அதற்கு மேல் எழுதிக்கொண்டாலும் செல்லாது. அனுப்பிய 15 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகத்தான் அர்த்தம். எனக்கு வந்தது ஆட்சேபம் இல்லை, 'அருமை, அருமை'. இந்தக் கணக்கில் பிரசுரத்துக்கு இடமே கிடையாது. தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி.

சிறு தொழில்காரர்கள் வராத பாக்கிக்காகப் புகார் செய்யும் அரசுத் தளமான சமாதானில் மனு போட்டேன். மெயில்கள், இன்வாய்ஸ், 26ஏஎஸ் எல்லாவற்றையும் இணைத்தேன். நோட்டீஸ் போனதும் அத்தனை நாள் போனை எடுக்காதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டார்கள். பைலைனோடு வந்த கட்டுரைகளுக்கு 52,000, டிடிஎஸ் போக 46,800 வங்கிக்கு வந்தது. கூடவே கையெழுத்துப் போட ஒரு காகிதம்: இனி எந்தப் பாக்கியும் இல்லை, அனுப்பிய எல்லாக் கட்டுரைகளின் உரிமையும் எல்லாக் காலத்துக்கும் எல்லா ஊடகத்துக்கும் நிறுவனத்துக்கே. இங்கேதான் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள வேலையில் இல்லாமல் எழுதியது எழுதியவருக்குத்தான் சொந்தம். கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தால் ஒழிய உரிமை மாறாது. அந்தக் கையெழுத்தைத்தான் இப்போது, பாக்கிப் பணத்தைக் காட்டி வாங்கப் பார்க்கிறார்கள். உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும் 'இது நான் எழுதியது' என்று கோரும் உரிமை 57ஆவது பிரிவில் தனியாக இருக்கிறது, அது வேறு விஷயம். அந்தக் காகிதத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. 52,000 கிடைத்தது என்று மட்டும் ஒரு மெயில் அனுப்பினேன்.

கரகத்துக்கும் கச்சேரிக்குமான 26,000, வட்டியோடு, இன்னும் அந்த மனுவை விசாரிக்கும் அரசு கவுன்சில் முன்னால் இருக்கிறது. மெஸ் முதலாளி, பணம் கொடுத்த ரசீதைத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

இப்போது இதை எழுதக் காரணம், அதே ஆட்கள் வேறு தளத்தின் பெயரில் புதிதாக எழுத ஆள் தேடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு வந்த மெயிலைப் பார்த்தேன். தொகைகூட மாறவில்லை, 13,000. அல்சூர், சிவாஜிநகர், தமிழ் வரும் என்ற பேச்சு அப்படியே. பிரசுரமான 45 நாளில் என்ற வரியும் அப்படியே. வந்திருந்தால், 'கட்டுரையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து' என்று மாற்றி, உங்கள் உத்யம் எண்ணையும் போட்டுப் பதில் அனுப்பிப் பாருங்கள். அந்தப் பெண் அனுப்பினாள், அதன் பிறகு அவர்களிடமிருந்து பதில் இல்லை. ஏற்கெனவே எழுதிக் கொடுத்துப் பணத்துக்குக் காத்திருப்பவர்கள் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். மனுவை அவரவர்தான் போட வேண்டும், என் மனுவின் நகலைத் தருகிறேன்.