எஃப்.ஆர்.ஆர் மென்பொருளில் பி.எஃப்.டி: குன்னூர் மழைக்குத் தாங்குமா?

குன்னூரில் சின்ன அளவில் இன்டர்நெட் கொடுக்கும் ஓரிடத்தில் நெட்வொர்க் பார்த்துக்கொள்வது என் வேலை. கீழே மேட்டுப்பாளையத்திலிருந்து எங்களுக்கு இரண்டு ஃபைபர் ஏறி வருகிறது. ஒன்று பர்லியார் வழி, இன்னொன்று கோத்தகிரியைச் சுற்றி. ஐப்பசி, கார்த்திகை வந்தால் இரண்டில் ஏதாவது ஒன்றின் மேல் மரம் சாயும், இல்லை மண் சரியும். ஆகவே எந்த ரூட்டர் மென்பொருளானாலும் நான் முதலில் பார்ப்பது, லைன் அறுந்தது அதற்கு எவ்வளவு சீக்கிரம் தெரிகிறது என்பதைத்தான்.

இப்போது சாதாரண லினக்ஸ் பெட்டியில், அதை ரூட்டராக்கும் எஃப்.ஆர்.ஆர் மென்பொருள் ஓடுகிறது. 2017இல் குவாகா என்ற பழைய ரூட்டிங் மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது, இலவசம். ரூட்டிங்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. லைன் அறுந்ததைச் சட்டென்று கண்டுபிடிக்கும் பி.எஃப்.டி என்ற வசதி பற்றித்தான் பேச வேண்டும்.

எங்கள் ரூட்டருக்கும் ஃபைபருக்கும் நடுவே, ஃபைபரில் வரும் ஒளியைச் சாதாரண நெட்வொர்க் கேபிளுக்கு மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் உட்கார்ந்திருக்கிறது. பர்லியாரில் ஃபைபர் அறுந்தாலும் கன்வெர்ட்டரிலிருந்து ரூட்டருக்கு வரும் குட்டிக் கேபிளில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். போர்ட் நன்றாகத்தான் இருக்கிறது என்று ரூட்டர் நம்பிவிடும். ரூட்டர்கள் தங்களுக்குள் பேசி வழியைத் தீர்மானிக்கும் முறையான ஓ.எஸ்.பி.எஃப் வழக்கமாக 10 நொடிக்கு ஒரு ஹலோ அனுப்பும். 40 நொடி எதிர்ப்பக்கச் சத்தம் இல்லையென்றால்தான் பக்கத்து ரூட்டரைக் கைகழுவும். அதுவரை போகிற பாக்கெட் எல்லாம் பள்ளத்தில்தான். வீடியோ காலில் இருந்தவர் அதற்குள் எங்களைத் திட்டி முடித்திருப்பார்.

பி.எஃப்.டி போட்டால் இரண்டு ரூட்டரும் யு.டி.பி 3784ஆம் போர்ட்டில் குட்டிப் பாக்கெட்டுகளை ஓயாமல் அனுப்பிக்கொள்ளும். எஃப்.ஆர்.ஆரில் நாம் எதையும் மாற்றாவிட்டால் 300 மில்லிநொடிக்கு ஒன்று, வரிசையாக மூன்று வராவிட்டால் லைன் போச்சு. ஒரு நொடிக்குள் ஓ.எஸ்.பி.எஃப்புக்குத் தகவல் போய்விடுகிறது. அது கோத்தகிரி வழிக்குத் திரும்பிவிடுகிறது.

எரிச்சல் எல்லாம் அமைப்பதில்தான். எந்தெந்த நிரல் ஓட வேண்டும் என்று சொல்லும் டீமன்ஸ் கோப்பில், பி.எஃப்.டியைச் செய்யும் நிரலான பிஎஃப்டிடி ஆரம்பத்தில் 'நோ' என்றே இருக்கும். 'யெஸ்' ஆக்கி எஃப்.ஆர்.ஆரை மறுபடி கிளப்ப வேண்டும், எனவே ராத்திரி வேலை. அப்புறம் இன்டர்ஃபேஸில் 'ஐபி ஓஎஸ்பிஎஃப் பிஎஃப்டி' என்று இரண்டு பக்கமும் தனியாகச் சொல்ல வேண்டும். ஃபயர்வாலில் 3784ஐயும் திறந்து விடுங்கள். 'ஷோ பிஎஃப்டி பியர்ஸ்' அடித்தால் நம் டைமரும் எதிர்ப்பக்க டைமரும் தனித்தனியாகத் தெரியும், அது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஏனென்றால், எத்தனை தவறினால் லைன் போச்சு என்று நாம் வைக்கும் எண்ணிக்கையைக் கணக்கில் எடுப்பது எதிர்ப்பக்க ரூட்டர். நாம் பார்ப்பது அவர்கள் வைத்த எண்ணிக்கையை. பழைய ஆட்களே இதில் குழம்புவார்கள்.

தேயிலை ஃபேக்டரி ஒன்றுக்குப் பள்ளத்தாக்கைத் தாண்டி ரேடியோ லிங்க் கொடுத்திருக்கிறோம். அதில் இந்த வேகம் ஆகாது. பாக்கெட் கொஞ்சம் தடுமாறினாலே லிங்க் ஏறி இறங்கும். அதற்கு 500 மில்லிநொடி, ஐந்து தவறல் என்று தனி ப்ரொஃபைல். இரண்டரை நொடி ஆனாலும் பரவாயில்லை. ஃபைபரிலும் 50 மில்லிநொடிக்கெல்லாம் இறங்காதீர்கள். இது முழுக்க சி.பி.யூ செய்யும் வேலை, சின்னப் பெட்டி லோடு ஏறும்போது திணறும்.

மவுஸில் கிளிக் செய்தே பழகியவர்களுக்கு இது சரிப்படாது, எல்லாம் கறுப்புத் திரையில் தட்டித்தான் ஆக வேண்டும். நான் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். குறைத்த ஒன்று அந்த 'நோ'வுக்கு.